பக்கத்து வீட்டில் ஒரு பை

போன சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டிலிருந்து கார்த்திக் போன் செய்தான். நம் அமைப்பில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. வார நாட்களில் ஏதோ ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறான். சனிக்கிழமைகளில் நம் படிவங்களை ஒழுங்குபடுத்துகிறான். நல்ல பிள்ளை. கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் சுவரையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிற ரகம்.

“அங்கிள், டிராவல் ஃபார்ம்ல லெவன்த் கொஸ்டின் என்னன்னே புரியல. ‘பையைப் பக்கத்து வீட்டில் வைத்தாயிற்றா’ன்னு இருக்கு. ட்வெல்த்ல ‘வைத்த பையை எடுத்தாயிற்றா’ன்னு இருக்கு. யாரோ டெஸ்ட் பண்றதுக்குப் போட்டு, எடுக்க மறந்துட்டாங்கபோல. ரெண்டையும் டெலீட் பண்ணிடட்டுமா?”

“தொடாதே” என்றேன்.

“ஏன் அங்கிள், லீகல் ரெக்வயர்மென்ட்டா?”

அது என் அசட்டுத்தனத்துக்கு நான் வைத்த நினைவுச்சின்னம் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். அதனால் கார்த்திக்குக்கும் அவனோடு சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எழுதி வைத்துவிடுகிறேன். வியட்நாமில் ஏழைக் குழந்தைகளுக்கு வைத்தியத்துக்கும் படிப்புக்கும் எப்படி ஏற்பாடு செய்கிறோம், ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கடிதம் எழுதுகிறோம் என்பதெல்லாம் கோப்புகளில் இருக்கிறது. கோப்பில் இல்லாதது இது ஒன்றுதான்.

ஒரு தமிழன் இதில் எப்படி வந்து மாட்டினான் என்று சிலர் கேட்கிறீர்கள். எனக்கு அப்போதுதான் ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய்க் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு கிடைத்திருந்தது. என் பல் டாக்டர் வியட்நாம்காரர். கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, தன் ஊர்க்காரர்கள் நடத்தும் இந்தச் சிறு அமைப்பைப் பற்றிச் சொன்னார். ஒருங்கிணைக்க ஒரு ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்றார். வாயில் பஞ்சும் குழாயும் இருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. நடத்தியவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண்மணி, மருந்தாளராக இருந்தவர். அங்கே எல்லோரும் அவரைத் தங்கள் மொழியில் அக்கா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அந்த உச்சரிப்பு வராததால் தமிழிலேயே அக்கா என்றேன், அவரும் திரும்பிப் பார்த்தார். அவர் என்னிடம் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து அது எனக்குத் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

சேர்ந்த முதல் மாதமே அவரிடம் ஒரு பாடம். ஐசலினிலிருந்து சரோஜா ஆன்ட்டி என்பவர் ஒரு குழந்தையின் படிப்பை ஏற்றுக்கொள்ள முன்வந்தார். எல்லா விவரமும் கேட்டுவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, “குழந்தை வெஜிடேரியன்தானே?” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீகாங் ஆற்றங்கரையில் மீனைத் தின்று வளர்கிற குழந்தை, இதென்ன கேள்வி என்று ஆரம்பிக்கப் போனேன். அக்கா போனை வாங்கினார்.

“மாதத்துக்கு ரெண்டு நாள் சுத்த சைவம்” என்றார்.

“எந்த ரெண்டு நாள்?”

“அமாவாசை கழிஞ்சா ஒரு நாள், பௌர்ணமி ஒரு நாள்.”

சரோஜா ஆன்ட்டி, “அட, நம்ம மாதிரியே இருக்காங்களே” என்றார். அன்றைக்கு ஏற்றுக்கொண்ட குழந்தையை இன்றுவரை விடவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் லான். இந்தக் கதை அவளுடையது.

லானுக்கு அப்போது ஆறு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. பத்தடி ஓடினால் உதடு நீலம் பாய்ந்துவிடும். அப்பா முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். அம்மா வாத்து வளர்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவர்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு அறுவை சிகிச்சைக் குழு ஒன்று வருடத்தில் ஒரே ஒரு வாரம் வரும். லானுக்கு அந்த வருடப் பட்டியலில் இடம் இல்லை. அடுத்த வருடம்வரை தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாராம்.

அப்படியிருக்க, பட்டியலில் இருந்த ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஓர் இடம் காலியானது. நாளை மறுநாள் நண்பகலுக்குள் லான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு குழந்தைக்கு என்று தகவல் வந்தது. அங்கே நமக்கு வேலை பார்த்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, ஹோவா டீச்சர். நமக்குச் சாயங்காலம் ஏழு என்றால் அவர்களுக்குக் காலை ஏழு. லானின் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டார். நான் நல்ல சேதி சொல்லும் பெருமிதத்தோடு சொன்னேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. பிறகு விரல்விட்டு எண்ணினாள். முகம் விழுந்துவிட்டது.

“முடியாது என்கிறாள்” என்றார் ஹோவா டீச்சர். “அன்றைக்குச் சந்திர மாதத்தில் பதினாலாம் நாள். அந்த நாளில் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டோம். போன வருடம் இவள் கணவர் பதினாலில்தான் கிளம்பிப் போனார், திரும்பி வரவில்லை.”

“அப்படின்னா நாளைக்கே கிளம்பச் சொல்லுங்க.”

“நாளைக்கு அவருக்கு முதல் வருடத் திவசம். இங்கே இறந்த நாளுக்கு முந்தின நாளே படைப்போம். சமைத்துப் படைக்காமல் எப்படி வருவாள்?”

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. முப்பது வருடம் இன்ஜினியராக இருந்தவன் ஆயிற்றே. நாள் என்பது வெறும் எண், இதயம் என்பது ஒரு பம்பு, பம்புக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்று ஆறு நிமிடம் பேசினேன். ஹோவா டீச்சர் இரண்டே வாக்கியத்தில் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் எழுந்து வணங்கிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போன மாசம் புது கார் வாங்கினே இல்ல? பார்க்கிங் லாட்ல நாலு டயருக்கும் கீழ நாலு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினே. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். அது எந்த இன்ஜினியரிங்?”

“அது என் வைஃப் சொன்னது” என்றேன். இதைவிடக் கேவலமான பதில் இருக்க முடியாது.

“அப்போ இதுக்கும் அவங்களையே கேளு” என்றார்.

கிண்டலுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் என் வீட்டுக்குப் போய், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே என் மனைவி வசந்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அறிவு கெட்ட ஜனங்கள் என்கிற தொனியில்தான் சொன்னேன்.

வசந்தா அப்பளத்தை உடைத்தபடியே சொன்னாள்: “நீங்க அமெரிக்கா கிளம்பினது ஒரு செவ்வாக்கிழமை. ஞாபகம் இருக்கா? உங்க பெட்டி ஞாயித்துக்கிழமையே எதிர்த்த போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போயிடுச்சு. நல்ல நேரத்துல பெட்டி வாசல் தாண்டிட்டா, நீங்களே கிளம்பின மாதிரி. அப்புறம் எந்த நாள்ல போனாலும் தோஷம் இல்ல. பரஸ்தானம்னு பேரு. அந்தம்மாவையும் ஒரு பையை இன்னிக்கே பக்கத்து வீட்டுல வைக்கச் சொல்லுங்க.”

நான் கை கழுவக்கூட இல்லை. இடது கையாலேயே ஹோவா டீச்சரைக் கூப்பிட்டேன்.

வாத்துக் கொட்டகையிலிருந்து அந்த அம்மாளை அழைத்து வந்தார்கள். நான் விளக்க, டீச்சர் மொழிபெயர்க்க, இந்தத் தடவை அவள் எழுந்து போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேள்வி மேல் கேள்வி. பையை யார் தூக்க வேண்டும்? முன்வாசல் வழியாகவா, பின்வாசல் வழியாகவா? பைக்குள் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் நான் வசந்தாவைத் திரும்பிப் பார்க்க, அவள் அப்பளத்தைக் கடித்தபடியே பதில் சொன்னாள். பைக்குள் என்ன என்ற கேள்விக்கு மட்டும் நானே முந்திக்கொண்டேன்.

“பயணத்துக்கு ரொம்ப முக்கியமானது எதுவோ அதை வைக்கணும். சும்மா பழந்துணி வெச்சா கணக்கில் சேராது.”

இப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற ஆர்வத்தில் நானாகச் சேர்த்தது.

கடைசியாக ஒரு சங்கடம் வந்தது. அவர்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கால்வாய். பக்கத்து வீடு என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். அங்கே சந்தையில் நூடுல்ஸ் சூப் விற்கும் ஓர் அம்மாள். இவள் வாத்து அவள் கீரைப் பாத்தியில் புகுந்ததில் இருவருக்கும் நாலு மாதமாகப் பேச்சு இல்லை.

“பேச்சு இல்லாட்டி என்ன?” என்றாள் வசந்தா. “பையைத்தானே வைக்கணும்.”

அப்படியே ஆயிற்று. அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து, லானின் அம்மா நீலக் கட்டம் போட்ட ஒரு பையைப் பக்கத்து வீட்டு வாசலுக்கு உள்ளே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். இது அமெரிக்க ஆபீஸின் முறை, இப்படிச் செய்தால்தான் ஆப்பரேஷன் நடக்கும் என்று ஹோவா டீச்சர் அந்த சூப் அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் திவசம் நல்லபடி முடிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அலுவலகத்தில் இரண்டு பேரிடம், பண்பாட்டு உணர்வோடு வேலை செய்வது எப்படி என்று விளக்கினேன். அக்கா மட்டும் மருந்துப் பெட்டிகளை அடுக்கியபடியே, “குழந்தை போய்ச் சேரட்டும்” என்றார்.

பதினாலாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு அவர்களுக்குப் பஸ். நமக்குச் சாயங்காலம் ஐந்தரை. நான் வேலை முடித்து ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தேன். வந்துகொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆறு மணிக்கு ஹோவா டீச்சர் கூப்பிட்டார். காரின் ஸ்பீக்கரில் பஸ் இரைச்சல், யாரோ இருமுகிற சத்தம், ஒரு சேவல்.

“கிளம்பிவிட்டோம். லான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எந்த வாசலுக்குப் போக வேண்டும்?”

“லெட்டர்லயே இருக்கு டீச்சர். பாருங்க.”

தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்டது. இரண்டு பேரின் குரலும் உச்சத்துக்குப் போயிற்று.

“கடிதம் பையில் இருக்கிறதாம். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, அடையாள அட்டை எல்லாமே பையில்தானாம். நீங்கள்தான் மிக முக்கியமானதை வைக்கச் சொன்னீர்களாம்.”

“சரி. பை எங்கே?”

“பக்கத்து வீட்டில்.”

“ஏன் எடுக்கல?”

“எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே” என்றார் டீச்சர். “பை முன்னால் கிளம்பிவிட்டது, அமெரிக்க ஆபீஸ்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நினைத்தாளாம்.”

உண்மைதான். வைக்கச் சொன்னேன், எடுக்கச் சொல்லவில்லை. நம் ஊரில் பிறந்தவனுக்குக் கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு போவது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. மீகாங் கரையில் அது அமெரிக்க நடைமுறை. அமெரிக்க நடைமுறையில் எது எப்படி நடக்கும் என்று யார் கண்டது.

தாள் இல்லாமல் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். நண்பகல் தாண்டினால் இடம் போய்விடும். அந்த ஓட்டை, அந்த நீல உதடு, கண்ணாடி துடைத்த டாக்டர், எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன. இறங்கித் திரும்பிப் போங்கள் என்று கத்தினேன். பதினாலாம் நாளில் கிளம்பியதே பெரிசு, கிளம்பிவிட்டுத் திரும்பினால் குலமே விளங்காது என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்தாள். நான் அக்காவை அழைப்பில் சேர்த்தேன். அவரிடம் முழுக்கதையையும் சொல்லத் தொடங்கினேன், யார் தப்பு என்பதிலிருந்து.

“தப்பெல்லாம் அப்புறம்” என்றார். “டீச்சர், பஸ் எங்கே நின்னே ஆகணும்?”

“படகுத்துறையில். ஆற்றைக் கடக்க அரை மணியாவது காத்திருக்கும்.”

“அந்த சூப் அம்மாவோட பேசற நிலைமையில பஸ்ல யார் இருக்கீங்க?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன், வண்டிதான் நகரவில்லையே. அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் எதையோ தெளிவாகச் சொன்னது. டீச்சர் சிரித்தபடி மொழிபெயர்த்தார்.

“லான் சொல்கிறாள்: நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் அங்கே போய் சூப் குடிக்கிறேன். சண்டை அம்மாவுக்குத்தானே.”

லானின் அம்மாவுக்கு அது புதுச் செய்தி. நாலு மாதமாகத் தினமும் மகள் எங்கே போய் வருகிறாள் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஆனால் திட்ட நேரம் இல்லை. அம்மாவின் போனிலிருந்து லானே கூப்பிட்டாள். சந்தையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சூப் அம்மாள், கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்து, மோட்டார் சைக்கிளைக் கிளப்பியிருக்கிறாள்.

அந்த அரை மணி நேரத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஸ்பீக்கரில் படகின் ஹாரன். இங்கே என் பின்னால் நின்ற லாரியின் ஹாரன். பஸ் படகில் ஏறத் தொடங்கிவிட்டது என்றார் டீச்சர். முன்சக்கரம் ஏறிவிட்டது என்றார். பிறகு தூரத்தில் ஒரு பெண் குரல், கிட்டே வர வர ஏறிக்கொண்டே போயிற்று. மொழி தெரியாவிட்டாலும் அது திட்டு என்பது எனக்குத் தெரிந்தது. நாலு மாதம் சேர்த்து வைத்த திட்டு. லானின் அம்மாவும் பதிலுக்குக் கத்தினாள். நடுவில் இருவருமே அழுதார்கள் போலிருக்கிறது.

“பை வந்துவிட்டது” என்றார் ஹோவா டீச்சர். “ஒரு தூக்கு நிறைய சூப்பும் வந்திருக்கிறது.”

அப்போதுதான் ரோட்டைப் பார்த்தேன். நெரிசல் எப்போதோ விட்டுப்போய், நான் சுகர் லேண்டைத் தாண்டி ரோசன்பர்க் வரை வந்திருந்தேன். ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, வெட்கமில்லாமல் அழுதேன். கண்ணாடியைத் தட்டி ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டார். பை கிடைத்துவிட்டது என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தே முக்காலுக்கு லான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை, நல்லபடி முடிந்தது. உதடு சிவந்த முதல் படத்தைச் சரோஜா ஆன்ட்டிக்கு அனுப்பினேன். அன்றைக்கு அவருக்கு விரத நாளாம். குழந்தைக்கும் அன்று சைவமா என்று கேட்டார். சூப் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் அக்கா பயணப் படிவத்தில் பதினொன்றாம் கேள்வியைத் தன் கையால் எழுதினார். “இது எதுக்கு? ஒரு தடவை நடந்த கூத்து” என்றேன்.

“பயந்தவங்களுக்கு ஒரு வேலை கொடுக்கணும்” என்றார். “கேள்வியை வைக்கிறதுல நமக்கு என்ன நஷ்டம்?”

பன்னிரண்டாம் கேள்வியை நான் எழுதினேன். அதை எழுதும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் ஆகிறது. அக்கா சான் ஹோஸேயில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த ஊரில் பை வைக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பரீட்சைக்குப் போகிறவன், துபாய்க்குப் போகிறவன், மாமியார் வீட்டுக்குப் போகிறவள் எல்லோரும் முந்தின நாளே ஒரு பையைக் கொண்டுவந்து சூப் அம்மாள் வீட்டில் வைக்கிறார்கள். அதற்கென்று தனியாக ஓர் அலமாரி இருக்கிறது. அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்த முறை என்று எல்லோரும் உறுதியாக நம்புகிறார்கள். நான் மறுத்து எழுதவில்லை.

கார்த்திக் போன் செய்ததற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஹோவா டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. லானுக்குப் பதினாறு வயது. மேல்நிலைப் படிப்புக்காக மாகாணத் தலைநகர் விடுதிக்குக் கிளம்பியிருக்கிறாள். கிளம்பிய நாள் எந்தக் காலண்டர்படி பார்த்தாலும் நல்ல நாள். பையை எங்கேயும் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் முந்தின நாளே அவள் பை பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. விடியற்காலையில் அந்த சூப் அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். நாள்தான் நன்றாக இருக்கிறதே, எதற்கு இதெல்லாம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“நல்ல நாள் யாரு பார்த்தா?” என்றாளாம். “பை வராட்டி இவ போறது எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட யாரு வந்து சொல்லுவா?”

ஆகவே, கார்த்திக், பதினொன்றை அழிக்காதே. பன்னிரண்டைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடு.